பொறுப்பாளர் என்ற இடத்தில் உன் பெயர்

உன் பெயருக்கு ஒரு மெயில் வந்தது. நகல் எனக்கும் வந்தது. எழுதியது மனிதர் இல்லை, இயந்திரம். அதனால் நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "இந்த மென்பொருள் பேக்கேஜின் பொறுப்பாளராக உங்கள் பெயர் உள்ளது. உங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்குப் பல மாதங்களாகப் பதில் இல்லை. இந்த மாத முடிவுக்குள் யாரும் பதில் தராவிட்டால், இது ஆளில்லாதது என்று குறிக்கப்பட்டுப் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுக்கப்படும்." அவ்வளவுதான். அண்ணனூர் நடைமேடையில் நின்றபடி கைப்பேசியில் படித்தேன். படித்து முடிப்பதற்குள் வண்டி வந்துவிட்டது, ஏறிக்கொண்டேன்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அந்த மெயிலை அனுப்பும் புரோகிராமை எழுதியவளே நீதான். களஞ்சியத்தில் கிடக்கும் ஒவ்வொரு பேக்கேஜின் விவரக் கோப்பையும் திறந்து, பொறுப்பாளர் யார் என்று பார்த்து, அவர் பதில் சொல்கிறாரா என்று கவனிப்பது அதன் வேலை. அந்தப் பெயரைப் படித்தெடுப்பது நாம் இருவரும் சேர்ந்து செய்த லைப்ரரி, அதாவது மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. ஆக, நீ எழுதிய ஒன்று, நீ எழுதிய இன்னொன்றைக் கொண்டு உன் பெயரை வாசித்து, "இருக்கிறாயா?" என்று உன்னைக் கேட்டிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இயந்திரத்துக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை உனக்குச் சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றபடி எனக்குக் கடிதம் எழுதும் பழக்கமும் இல்லை, இல்லாதவர்களோடு பேசும் பழக்கமும் இல்லை.

நாம் முதலில் பேசிக்கொண்டது அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் கம்பெனியின் இரண்டாவது மாடியில், காபி இயந்திரத்தின் முன்னால். நான் வேலையில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. "இதுல சர்க்கரை இல்லாம வருங்களா?" என்று உன்னைக் கேட்டேன். நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய்.

"இன்னாமா, மிஷினுக்குக்கூட 'ங்க' போடறே? எந்த ஊரு?"

"கரூருங்க."

"அதான பாத்தேன். நம்மளுக்கு ஆவடி. சேக்காடு. இந்த 'ங்க'வெல்லாம் எங்கிட்ட வேணாம், கூச்சமா கீது."

அன்றைக்கே 'வாடி போடி' ஆகிவிட்டது. உன்னுடைய பேச்சு எனக்குப் பழக ஒரு மாதமாவது ஆகியிருக்கும். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு ஆங்கிலத்தில் நீ பேசுவதைக் கேட்டால் ஏதோ கான்வென்ட்டில் பிறந்து வளர்ந்தவள் போல இருக்கும். மைக்கை அணைத்த மறுநொடி, "இவன் இன்னா சொல்றான்னு இவனுக்கே புரியல, நம்மளப் போட்டு பேஜார் பண்றான்" என்பாய். உன் அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில் நெல்லைக்காரர், வேலூர்க்காரர், தஞ்சாவூர்க்காரர் என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளோடும் வளர்ந்தும், உன் நாக்கில் ஆவடியைத் தவிர வேறெதுவும் ஒட்டவில்லை. அதில் உனக்குப் பெருமையும் உண்டு.

நீ ஆவடியில் ஏறிப் பெண்கள் பெட்டியில் எனக்கு இடம் போட்டு வைப்பாய். அடுத்த நிறுத்தம் அண்ணனூரில் நான் ஏறும்போது, இருக்கையில் உன் பை உட்கார்ந்திருக்கும். அதற்காக யாரோ ஓர் அம்மாவிடம் நீ ஏற்கெனவே சண்டை போட்டு முடித்திருப்பாய். பட்டரவாக்கத்தில் இறங்குகிற வரைக்கும் பேச்சு. அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நம் லைப்ரரியின் பாதி உருவானது என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

அதன் தொடக்கம் என்னவோ அலுவலக வேலைதான். ஒரு மென்பொருளை மூட்டை கட்டி அனுப்பும்போது, பார்சல்மேல் சீட்டு ஒட்டுவதுபோல ஒரு சிறிய விவரக் கோப்பும் கூடவே போகும். என்ன பெயர், எந்தப் பதிப்பு, இது ஓட வேறு எதெல்லாம் வேண்டும், என்ன உரிமம், கடைசியாக, பழுதானால் யாரைக் கேட்பது. இந்தச் சீட்டுகளை ஆயிரக்கணக்கில் படித்துச் சரிபார்க்கும் கருவி ஒன்று நம்மிடம் கேட்கப்பட்டது. நான் சுலபமான வழியில் போனேன். வரி வரியாக வெட்டு; ஒவ்வொரு வரியிலும் முக்காற்புள்ளி எங்கே வருகிறதோ அங்கே இரண்டாக வெட்டு; இடது பக்கம் தலைப்பு, வலது பக்கம் விவரம். இரண்டே நாளில் முடித்துவிட்டேன். மேனேஜர் பாராட்டினார். நீ மட்டும் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "வெப்சைட்டு அட்ரஸ் வந்தா அதுக்குள்ளயும் முக்காப்புள்ளி வருமே, அத்தயும் வெட்டிடுவியா?" என்றாய். வெட்டிக்கொண்டுதான் இருந்தது.

உனக்கு ஃபங்ஷனல் புரோகிராமிங் மொழிகள்மேல் பித்து. அப்படி ஒரு மொழியில் பார்சர், அதாவது எழுத்தைப் படித்துப் பிரித்தறியும் புரோகிராம், எழுத ஒரு லைப்ரரி இருக்கிறது என்று வாரக்கணக்கில் என் காதைத் தின்றாய். எனக்கு அந்த மொழியைப் பார்த்தாலே கணக்குப் பரீட்சை ஞாபகம் வந்தது. ஒரு நாள் சிக்னல் கிடைக்காமல் வண்டி அண்ணனூர் பணிமனை ஓரமாக நின்றுவிட்டது. உள்ளே மின்சார ரயில்கள் வரிசையாகக் கழுவப்பட்டு நின்றன. நீ ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டினாய்.

"அதோ பாரு. அந்த மூணு பொட்டி தனியா ஓடும். அதுக்குன்னு மோட்டாரு கீது. பக்கத்துல கீற மூணும் தனியா ஓடும். ரெண்டையும் மாட்னா ஆறு. இன்னும் மூணு மாட்னா ஒம்போது. ஒவ்வொண்ணையும் தனியா ஓட்டிப் பாத்துட்டுதான் மாட்டுவான். பார்சரும் அவ்ளோதான்டி. ஒரு எண்ணைப் படிக்க ஒரு குட்டி பார்சரு. புள்ளியைப் படிக்க ஒண்ணு. அத்தயும் இத்தயும் மாட்னா பதிப்பு எண்ணைப் படிக்கும். அந்த மாதிரி மாட்டிக்கினே போனா, மொத்த சீட்டையும் படிக்கும்."

"நடுவுல ஒண்ணு ரிப்பேர் ஆனா?"

"எது ரிப்பேருன்னு தெரியும்ல? உன்னுது மாதிரி எல்லாரையும் எறக்கி வுட்டுட்டு முழிச்சிக்கினு நிக்காது."

எனக்கு அந்த நொடியில் புரிந்தது. புரிந்தது என்று உன்னிடம் சொல்லவில்லை; சொன்னால் அதை வைத்தே ஒரு மாதம் ஓட்டுவாய்.

சனிக்கிழமைகளில் என் ஃபிளாட்டுக்கு வருவாய். அலுவலகத்துக்கு என் வெட்டுக் கத்தியே போதுமானதாக இருந்தது. இது நமக்காகச் செய்தது. பார்சரை எழுதுவதைவிட, அது எப்படித் தோற்க வேண்டும் என்பதில் நீ அதிக நேரம் செலவிட்டாய். 'பிழை' என்று மட்டும் சொல்லி நிற்கும் புரோகிராம்களை உனக்குக் கண்டாலே ஆகாது. எந்த வரியில், எந்த எழுத்தில், எதை எதிர்பார்த்து, எது வந்தது என்று மனிதருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்பாய். "தப்பு பண்ணவனே பயந்துக்கினு வருவான். அவனாண்ட சிடுசிடுன்னா எப்டி?" இதைச் சொன்ன அதே வாயால்தான் காய்கறிக்காரரிடம் கத்தரிக்காய்க்கு அரை மணி நேரம் சிடுசிடுப்பாய்.

வெளியிடுகிற நாள் வந்தது. நம் லைப்ரரிக்கும் ஒரு சீட்டு வேண்டுமே. பொறுப்பாளர் யார் என்று கேட்டபோது, நான் "நீயே போட்டுக்க" என்றேன். உன் பெயரை எழுதினாய். நம் பார்சரையே கொண்டு நம் சீட்டைப் படிக்கவைப்போம் என்று ஓட்டினாய். அது மறுத்துவிட்டது. பெயருக்குள் புள்ளி வரக்கூடாதாம். உன் இனிஷியலுக்குப் பின்னால் இருந்த புள்ளி. மெயில் முகவரியோடு சேர்த்து எழுதும் பெயர்களுக்கென்று எப்போதோ யாரோ வகுத்த விதியை நாமும் அச்சுப் பிசகாமல் கடைப்பிடித்திருந்தோம். தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு, இனிஷியல் வைத்த பெயரை ஏற்காத ஒன்றை இரண்டு பெண்கள் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறோம். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"புள்ளியை எடுத்துடு. தீந்துது" என்றேன்.

"இன்னாத்துக்கு எடுக்கணும்? அது எங்கப்பா. ரூல் எழுதினவனுக்கு இனிஷியல் கீதோ இல்லையோ, எனக்குக் கீது. பார்சரு நம்ம எழுதினதுதான? அத்த மாத்து."

உன் அப்பா போய் அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. மாற்றினோம். அதன் பிறகு மதுரையிலிருந்து ஒருவர், விஜயவாடாவிலிருந்து ஒருவர் என்று, தங்கள் பெயர் முழுதாக ஏறியதற்கு நன்றி சொல்லி எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் நீ அன்றன்றைக்கே பதில் போட்டாய். கேள்வி முட்டாள்தனமாக இருந்தாலும் போட்டாய். குறிப்பாக அதற்குத்தான் பொறுமையாகப் போட்டாய். என்னிடம் ஒருநாளும் காட்டாத பொறுமை அது.

பதில் போடுவதில் உனக்கு ஏன் அவ்வளவு பிடிவாதம் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. நம் லைப்ரரிக்குத் தேவைப்பட்ட வேறொருவரின் பேக்கேஜில் ஒரு பழுது. அதன் பொறுப்பாளருக்கு நீ எழுதினாய். பதில் இல்லை. மறுபடி எழுதினாய். ரயிலில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு, "இன்னா நைனா, ஒரு வரி போட்டா கொறைஞ்சா பூடுவே?" என்று தினமும் அந்த மனிதரைத் திட்டுவாய். எனக்கே அவர்மேல் பரிதாபம் வந்துவிட்டது. அப்புறம் ஒரு நாள் யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: அவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

நீ மடிக்கணினியை மூடினாய். திருமுல்லைவாயிலில் கூட்டம் ஏறியது. அம்பத்தூரும் வந்து போனது. பட்டரவாக்கத்தில் இறங்கிப் படியேறும்போது சொன்னாய்.

"செத்துப் போனவனைத் தெனம் திட்டிக்கினு வந்துகீறேன்டி."

"அது உனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

"அத்த வுடு. அவன் பேரு இன்னும் அங்க தொங்கிக்கினு கீது பாரு. ஊர்ல கீறவன்லாம் அவனைத் திட்டிக்கினு கீறான். அவனுக்குன்னு ஓராளு இல்லையா, அந்தப் பேரை எட்து வைக்க?"

அந்த வாரமே உட்கார்ந்து எழுதியதுதான், ஆளிருக்கிறாரா என்று கேட்கும் இந்தப் புரோகிராம். களஞ்சியத்தை நடத்துகிறவர்கள் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்கள். ஒருவரைப் பார்த்து இருக்கிறாயா என்று இயந்திரம் கேட்பது அசிங்கமாக இல்லையா என்று நான் கேட்டேன். "மனுசன் கேக்கலைன்னா மிஷினாவது கேக்கட்டும்" என்றாய்.

உனக்கு உடம்பு சரியில்லை என்பதையும் ரயிலில்தான் சொன்னாய். அதை வேறெங்கே சொல்வாய்? "கட்டியாம். நல்ல கட்டி இல்லையாம்." மதியம் தயிர் சாதம்தான் என்பதுபோலச் சொன்னாய். நான் எந்த ஆஸ்பத்திரி, எப்போது போக வேண்டும், யார் கூட வருகிறார்கள் என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த பெண் எழுந்து உனக்கு ஜன்னலோரம் கொடுத்தாள். நீ, "எனுக்கு இன்னும் ஒண்ணும் ஆவலமா, உக்காரு" என்றாய்.

பிறகு நாம் பட்டரவாக்கத்தில் இறங்காமல், சிகிச்சை நாட்களில் நகரத்துக்குள் போனோம். ஆஸ்பத்திரிக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஊசி ஏறாத கையால் மெயிலுக்குப் பதில் தட்டுவாய். தலைமுடி கொட்டிய பிறகு உன் அம்மா பின்னிய நூல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஊரில் யாரோ ஒருவனுக்கு அவன் சீட்டில் ஒரு வரி தள்ளி எழுதியிருப்பதைப் பொறுமையாக விளக்குவாய். ஒரு நாள் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய்.

"பொறுப்பாளர் பேரை ஒன் பேருக்கு மாத்திடுடி."

"மாட்டேன்."

"ஏன், ஒரு வரிதான? கை வலிக்கிதா?"

"வலிக்குது."

"நான் பூட்டா இவன்லாம் எவனாண்ட கேப்பான்?"

"வாயை மூடிட்டு டாக்டர் கூப்பிடறாரான்னு பாரு."

களஞ்சியத்தில் ஒரு வழக்கம் உண்டு. பொறுப்பைக் கொடுப்பவர் மட்டும் கொடுத்தால் போதாது. எடுத்துக்கொள்கிறவர் சம்மதம் சொல்ல வேண்டும். என்னிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்து, நீ நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாற்றக் கோரிக்கையை அனுப்பிவிட்டாய். 'சம்மதம்' என்ற பொத்தானோடு அது எனக்கு வந்தது. நீ பார்க்கப் பார்க்கவே திறந்து, மூடினேன். நீ கோபமாகத் திரும்பிக்கொண்டாய். உன்னை வீட்டில் விட வந்த என்னிடம் வாசலில், "ரொம்பதான் பண்றே" என்று மட்டும் சொன்னாய். அதன் பிறகு அந்தப் பேச்சை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. அந்தப் பொத்தானை அழுத்துவது, நீ போகப் போகிறாய் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவது. நீ உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது அதை என்னிடம் கேட்டிருக்கக் கூடாது. கேட்டது உன் தப்பு.

மழைக்காலத்தில் போனாய். சேக்காடு சப்வேயில் தண்ணீர் நின்றதால் உன்னை ஏற்றிய வண்டி சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. நான் அழவில்லை. யார் யார் சாப்பிட்டார்கள், நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்றா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்து பல மாதம் கழித்துத்தான், முதலில் சொன்னேனே, அந்த மெயில் வந்தது.

மெயில் வந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா கதவைத் திறந்ததுமே, "வாம்மா, இன்னா இப்டி எளைச்சிப் போய்ட்டே" என்றார். நான் இளைக்கவில்லை. தோசையும் வடகறியும் வைத்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது டொய்ங் என்று ஒரு சத்தம். பழகிய சத்தம்; திடுக்கிட்டுத் திரும்பினேன். குளிர்சாதனப் பெட்டியின்மேல், விரித்த கைக்குட்டையில் உன் கைப்பேசி இருந்தது. சார்ஜரில் மாட்டியிருந்தது.

"அதுவா? அது சத்தம் போட்டுக்கினே கீதும்மா" என்றார் உன் அம்மா. "நான் ஒண்ணும் நோண்டமாட்டேன். சார்ஜு மட்டும் போட்டு வைப்பேன். ரீசார்ஜ் பண்ணச் சொல்லி எதிர்வூட்டுப் பையனாண்ட குடுப்பேன். யாரோ அவளைக் கூப்டுக்கினு கீறாங்க இல்ல? சமைச்சிக்கினு இருக்கசொல்ல அது கேட்டா நல்லாகீது."

பாதித் தோசையோடு எழுந்து கையைக் கழுவினேன். பெயரை மாற்றினால் அந்தக் கேள்விகள் இந்தக் கைப்பேசிக்கு வராது. மாற்றாவிட்டால், மாத முடிவில் நம் லைப்ரரியை ஆளில்லாதது என்று எழுதி எடுத்துவிடுவார்கள். எதைச் சொல்வது? அன்றைக்கு எதுவும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். அந்த வாரம் முழுக்க ரயிலில் உன் கோரிக்கையைத் திறந்து திறந்து மூடினேன். அலுவலகத்தில் ஒருவரிடம் கேட்டேன். இப்போதெல்லாம் இதற்கு வேறு நல்ல லைப்ரரிகள் வந்துவிட்டன, போனால் போகட்டும் என்றார். அவர் சொன்னது சரிதான். உலகம் ஒன்றும் நின்றுவிடாது. ஆனாலும் உன் பெயருக்கு எதிரே 'ஆளில்லை' என்று வரும். அதை நினைத்தால் எனக்கு எரிந்தது. உனக்கா ஆளில்லை?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனேன். இந்தத் தடவை சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். உன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் எதிரே உட்கார்ந்து ஒரு கட்டை எடுத்துக்கொண்டேன்.

"அந்தச் சத்தத்துல பாதி வெறும் விளம்பரங்கம்மா. மீதி, இவ எழுதுனதை வெச்சு வேலை பாக்கறவங்க. சந்தேகம் வந்தா இவகிட்ட கேக்கறாங்க."

"அப்டியா? இன்னும் கேக்கறாங்களா?" அவர் முகம் மலர்ந்தது. "பதிலு யாரு போடறது? நீயா?"

"யாரும் போடலைங்கம்மா."

அவர் கை நின்றது. "யாருமேவா? எவ்ளோ நாளா?"

"இவ போனதுலேர்ந்து."

"அய்யய்யோ. இன்னாமா இது? அவ ஒருத்தருக்கும் பதில் போடாம வெச்சது கெடையாதே. ஆஸ்பத்திரியில கூட போட்டுக்கினு இருந்தாளே. அவங்க இவளை இன்னா நெனைச்சிக்கினு இருப்பாங்க? திமிரு புடிச்சவன்னு திட்டுவாங்க இல்ல?"

நீ அந்த மனிதரைத் திட்டியது என் காதில் கேட்டது. நான் கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அவ பேரு இருக்கற எடத்துல என் பேரைப் போட்டா, நான் பதில் சொல்லலாம். ஆனா, போட்டா அதுக்கப்புறம் அந்தக் கேள்வியெல்லாம் எனக்குத்தான் வருமுங்க. இந்த ஃபோனுக்கு வராது."

உன் அம்மா குளிர்சாதனப் பெட்டியின் பக்கம் பார்த்தார். ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்தார்.

"அவளே ஒன்னைக் கேட்டாளா? மாத்திக்கச் சொல்லி?"

"கேட்டாளுங்கம்மா."

"நீ இன்னா சொன்னே?"

"மாட்டேன்னுட்டேன்."

"நல்லதுதான். நானா இருந்தாலும் அப்டிதான் சொல்லியிருப்பேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இப்ப எட்துக்கோ."

பிறகு அடுப்படிக்குப் போனார். அங்கிருந்தே குரல் வந்தது. "ஒன் ஃபோன்ல எதுனா வந்தா எனக்கு ஒரு போன் போடு. எந்த ஊருக்காரன், இன்னா கேக்கறான்னு சொல்லு. எனக்குப் புரியலைன்னாலும் சொல்லு."

அங்கேயே, கீரைத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நீ ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய கோரிக்கையைத் திறந்தேன். அது அப்படியே காத்துக்கொண்டிருந்தது. 'சம்மதம்' என்பதை அழுத்தினேன். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. பக்கம் ஒரு தடவை சுற்றிவிட்டு, பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரைக் காட்டியது. இயந்திரத்துக்கு நான் சொன்ன பதில் இதுதான். நீ நினைத்ததைச் சாதித்துவிட்டாய். சந்தோஷம்தானே?

பழைய கேள்விகளை எல்லாம் உன் அம்மா அந்தக் கைப்பேசியிலிருந்து எனக்கு அனுப்ப அனுமதித்தார். நானே அனுப்பிக்கொண்டேன். அவற்றுக்குப் பதில் எழுத, உன் பழைய பதில்களைப் படித்துப் பார்த்து எழுத வேண்டியிருந்தது. என் பதில்கள் முதலில் கறாராகத்தான் வந்தன. அழித்துவிட்டு, எந்த வரி, எந்த எழுத்து, என்ன வந்திருக்க வேண்டும் என்று மறுபடி எழுதினேன். எனக்குப் பொறுமை கிடையாது என்பது உனக்குத் தெரியும். இப்போது கொஞ்சம் கடன் வாங்கிப் பிழைக்கிறேன்.

முந்தாநாள், என் பெயருக்கே நேராக முதல் மெயில் வந்தது. வண்டி திருமுல்லைவாயிலைத் தாண்டிக்கொண்டிருந்தது. சொன்னபடி உன் அம்மாவை அழைத்தேன்.

"எந்த ஊரு?" என்றார், எடுத்ததுமே.

"தெரியலைங்கம்மா. பேரைப் பாத்தா கேரளாவா இருக்கும். சின்னப் பொண்ணு மாதிரி தெரியுது."

"இன்னா வோணுமாம்?"

"அவளோட ஒரு சீட்டை இது படிக்க மாட்டேங்குதாம். இதை எழுதுனது நீங்களான்னு கேட்டிருக்கா."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

"இன்னா சொன்னே?"

"இன்னும் ஒண்ணும் சொல்லலைங்கம்மா."

"சொல்லுமா. அந்தப் பொண்ணு காத்துக்கினு இருக்கும்."

பட்டரவாக்கத்தில் இறங்கி, ஆட்கள் எல்லாம் படியேறிப் போகும்வரை நடைமேடை இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். உன் காரியம் முடிந்த அன்று அழாதவள், இரண்டு வரி தட்டுவதற்குள் அழுது தீர்த்தேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: இதை எழுதியவள் இப்போது இல்லை. நான் இருக்கிறேன், சொல்லுங்கள்.